ஜீப்புக்கு அளவெடுக்க ஆள் வரணும்

விருத்தாசலம்
6 ஜூலை 2025

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று ஃபோனில் "பழைய ஜீப் ஒன்று வாங்கிவிட்டேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கத்தினீர்கள். கத்திவிட்டு வைத்தும் விட்டீர்கள். நல்லது. உங்கள் மகள் சனாவும் மாமியும் வழக்கம்போல் தினமும் உங்களோடு பேசட்டும். நானும் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கிறேன். ஆனால் ஜீப்பைப் பற்றிய பேச்சு இனிமேல் கடிதத்தில்தான். ஃபோனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அதை முடிப்பது நீங்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. நைனா முகம்மது மாமா வெள்ளிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறார். மாமி போட்ட எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஏன் வாங்கினாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நம் பட்டறையில் சுட்டெடுத்த வெள்ளைப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது கருவேப்பிலங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் வயல்காட்டில் இருக்கிற பெண்கள். மழை பிடித்துவிட்டால் ஆட்டோக்காரர் மெயின்ரோட்டிலேயே பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். போன கார்த்திகைக்குக் கொளஞ்சியக்கா பெட்டியைத் தலையில் வைத்துச் சேற்றில் நடந்தாள். மறுநாள் வந்து, "பொம்மையெல்லாம் பத்திரமா இருக்குதும்மா, நான்தான் ரெண்டு தடவ வுழுந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பெண்ணாடத்தில் தேவநாதன் என்று ஒரு கரும்பு விவசாயி. அவர் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். வயலுக்குள்ளேயே ஓட்டிக் காட்டினார். எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் சூளையிலிருந்து வரும் சாமானில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தட்டிச் சத்தத்தில் கண்டுபிடிக்கத் தெரியும். ஜீப்பைச் சுற்றிலும் அப்படியே தட்டிக்கொண்டு வந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, வண்டி வாங்க வந்தியா, தர்பூசணி வாங்க வந்தியா?" என்றார். டிரைவர் கதவுக்குக் கீழே மட்டும் சத்தம் அமுங்கிக் கேட்டது. "இங்க என்னமோ இருக்குதுங்களே" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார். "அங்க மட்டும் பட்டி வச்சு மூடியிருக்குது. எம்மவன் கெணத்து மேட்டுல இடிச்சுட்டான். வேற ஒண்ணும் மறைக்கல" என்றார். மறைக்கவில்லை என்றுதான் என் காதும் சொன்னது.

இப்போது கத்துங்கள்.

யாஸ்மின்


இப்ரா, ஓமன்
19 ஜூலை 2025

யாஸ்மினுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆகவே நலம் விசாரிக்கவில்லை. நீ நலமா?

பதினோரு வருஷமாக நான் இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில்தான் படுத்துக் கிடக்கிறேன். என் சொந்த ஊர் மங்கலம்பேட்டையில் எவன் பழைய வண்டி வாங்கினாலும் எனக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பான். என் பொண்டாட்டி தர்பூசணி தட்டி வாங்குகிறாள். காரேஜில் இதைச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாளாக இங்கே எல்லாரும் வருகிற வண்டியையெல்லாம் தட்டிப் பார்க்கிறார்கள். என் அரபி முதலாளி, அந்த அம்மாவை இங்கே வேலைக்கு அனுப்பு, நீ ஊருக்குப் போ என்கிறார்.

சரி, சொல். அடியில் படுத்துப் பார்த்தாயா? எண்ணெய் கசிகிறதா? தரை விரிப்பைத் தூக்கித் துரு பார்த்தாயா? நாலு சக்கரத்துக்கு மாற்றும் கியர் சத்தம் போடாமல் விழுகிறதா? படம் எடுத்துச் சனாவிடம் கொடுத்து அனுப்பச் சொல். உன் சட்டத்தை நான் மீறவில்லை, படம் பேச்சு ஆகாது.

உட்கார்ந்து யோசித்தேன். வாங்கியது வாங்கிவிட்டாய், அதை ஒழுங்காகக் கட்டிவிடுவோம். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இங்கே பாலைவனத்துக்குப் போடுகிற கனமான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி நாலு விரற்கடை உயரும். அடி எங்கேயும் தட்டாது. நாலு ஸ்பிரிங்கையும் ஒரே ஆள் தூக்க முடியாது. ஊருக்கு வருகிற நம் ஆட்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே எங்கள் காரேஜில் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்காரனை உட்காரவைத்து, கால் நீளம் அளந்து, அவன் வீட்டில் யார் யார் ஏறுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உயர்த்துவோம். ஆளைப் பார்க்காமல் அளவு வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே உன் மச்சான்தான். சும்மா பெருமைக்குச் சொன்னேன்.

நவம்பர் லீவில் வந்து நானே ஓட்டிப் பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

அஷ்ஃபாக்


விருத்தாசலம்
24 ஆகஸ்ட் 2025

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் ஸ்பிரிங்கில் இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று நைனா முகம்மது மாமா கையில், இன்னொன்று அவரோடு வந்தவர் கையில். திருச்சி ஏர்போர்ட்டில் மாமாவை நிறுத்திவிட்டார்களாம். "பெட்டியில என்னங்க இது?" "ஸ்பிரிங்கு." "எதுக்கு?" "எங்க ஊர்ல ஒரு பொண்ணு ஏறி உக்கார." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம்.

இங்கே மாமி அதைவிட மோசம். வளைகுடாவிலிருந்து அட்டைப்பெட்டி வந்தால் பால்பவுடரும் போர்வையும் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அமுதவள்ளி அக்காவையும் உட்காரவைத்துக்கொண்டு பிரித்தார்கள். உள்ளே கறுப்பாக இரும்பு. மாமி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு, "எம்மவனுக்கு வூட்டுக்கு அனுப்ப வேற ஒண்ணும் கெடைக்கலையா? இதையா நான் போத்திக்கிட்டுப் படுக்குறது?" என்றார்கள். அடுத்த ஆள் கையில் ஒரு போர்வை அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடையாது.

மெக்கானிக் விருத்தகிரி அண்ணன் தன் ஷெட்டில் இரண்டையும் முன்பக்கம் மாட்டிவிட்டார். பின்பக்கத்துக்கு வரவேண்டியது இன்னும் வரவில்லையே, அதனால் வண்டி இப்போது மரத்தில் முன்னங்காலைத் தூக்கிவைத்த ஆடு மாதிரி நிற்கிறது. அதிலேயேதான் கடைவீதிக்குப் போய் வருகிறேன். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். சனாவுக்கு ரொம்பப் பெருமை. பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது மெதுவாகத்தான் இறங்குகிறாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

ஒன்று உண்மையாகச் சொல்கிறேன். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டு, மணலில் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்று சனா அனுப்பிய படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்கள் அல்லவா? வயல்பாதையில் அப்படியே செய்தேன். ஒரு பெட்டி மயில் பொம்மை, அத்தனை கழுத்தும் முழுசாக வந்து சேர்ந்தன. வைக்கோல்கூடக் குறைவாகத்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு உங்களை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். இதைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் ஆட வேண்டாம்.

நவம்பருக்கு நாள் எண்ணுகிறோம்.

யாஸ்மின்


இப்ரா
20 செப்டம்பர் 2025

யாஸ்மின், வ அலைக்கும் ஸலாம்.

ஆடினேன். காரேஜில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மீதி இரண்டு ஸ்பிரிங்கும் வருகின்றன. அம்மாவுக்குப் போர்வையும் வருகிறது, ஸ்பிரிங்கை அதில் சுற்றித்தான் அனுப்பியிருக்கிறேன். கயிறு ஒன்றும் வைத்திருக்கிறேன், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க. டயரை மட்டும் ஆள் கையில் அனுப்ப முடியாது. அங்கேயே அகலமான டயராக வாங்கி மாட்டச் சொல். இருப்பதிலேயே அகலமானது. அகலம் இருந்தால் எதிலும் புதையாது, மேலாகவே மிதந்து போகும். இங்கே மணல்மேட்டில் நான் ஏற்றுகிற வண்டிகளைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். நேற்று ராத்திரி உன் ஜீப்பைக் கனவில் கண்டேன், நம் வெள்ளாற்று மணலில் ஏறி இறங்குகிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இங்கே அக்டோபர் கடைசியில் வெயில் தணிந்ததும் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் கூட்டம் ஆரம்பித்துவிடும். காரேஜில் ஆள் போதவில்லை. நவம்பரில் லீவு கிடையாது என்கிறார் முதலாளி. ரம்ஜான் முடிந்து பார்க்கலாம். சனாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

டயர் மாட்டியதும் படம் அனுப்பு.

அஷ்ஃபாக்


விருத்தாசலம்
9 நவம்பர் 2025

மச்சானுக்கு.

ஸலாம் சொல்ல மறக்கவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

சின்ன விஷயம் என்று எழுதியிருந்தீர்கள். போன வருஷமும் இதே சின்ன விஷயம். நீங்கள் கடைசியாக வந்து போய் இரண்டரை வருஷம் ஆகிறது. சனாவிடம் நான் பக்குவமாகச் சொல்லவில்லை, என்னால் முடியவில்லை. மாமிதான் சொன்னார்கள். அவள் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.

இப்போது ஜீப்புக்கு வருகிறேன். நாலு ஸ்பிரிங்கும் மாட்டியாகிவிட்டது. அகல டயரும் மாட்டியாகிவிட்டது. பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மாமியால் ஏற முடியவில்லை. முழங்கால் வலிக்காரரை விருத்தகிரி அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே வைத்தோம். வீட்டு வாசலில் இறங்கச் சொன்னால், "நான் இங்கயே இருந்துக்குறேன், சோத்த மேல குடு" என்கிறார்கள். சனா ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறாள். நான் பொம்மைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறுகிறேன்.

புதன்கிழமை நல்ல மழை. கார்த்திகைக்கு வர்ணம் பூசிய விளக்குப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கொளஞ்சியக்காவையும் ஏற்றிக்கொண்டு வயல்பாதையில் திரும்பினேன். மேலாகவே மிதந்து போகும் என்றீர்களே, மிதந்தது. மிதந்து மிதந்து நேராக வாய்க்காலுக்குப் போய்விட்டது. இது மணல் இல்லை மச்சான், களிமண். அகல டயர் முழுக்கக் களி அப்பிக்கொண்டு, நாலு சக்கரமும் எண்ணெய் தடவினது மாதிரி வழவழவென்று சுற்றுகிறது. கொளஞ்சியக்கா தள்ளிப் பார்க்கிறேன் என்று இறங்கினாள். அவ்வளவு உயரம் என்று நினைக்கவில்லை, இறங்கவில்லை, விழுந்தாள். இடுப்புவரைக்கும் சேறு.

கரும்பு வெட்டுக்கு அந்தப் பக்கம் வந்திருந்த தேவநாதன்தான் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தார். நீங்கள் அனுப்பிய கயிறு உதவியது, அதைச் சொல்லிவிட வேண்டும். இழுத்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "எங்கிட்ட இருந்தப்ப இது ஒரு நாளும் சேத்துல நின்னதில்ல. என்னாம்மா செஞ்சீங்க இத?" என்று கேட்டார். 

அதற்குப் பதிலைக் கொளஞ்சியக்கா சொல்லிவிட்டாள். மறுநாளே மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் பேரில் பிராது கட்டிவிட்டாள். திருட்டுக்கும் வம்புக்கும் அங்கே முருகனிடம் புகாராக எழுதிக் கட்டுவார்கள், உங்களுக்கும் தெரியும். ஜீப்புக்காகக் கட்டியது இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவளுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தது நான். கும்பிடுவது அவள், கையெழுத்து மட்டும்தான் என்னுடையது, அல்லாஹ் மன்னிப்பான். இப்படி எழுதச் சொன்னாள்: "பொம்மைப் பட்டறை யாஸ்மின் வீட்டுக்காரர் முகம்மது அஷ்ஃபாக் என்பவர் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஊரையும் பார்க்காமல் ஏறுகிற ஆளையும் பார்க்காமல் ஜீப்பை மாற்றியதால் நான் சேற்றில் விழுந்தேன். அவரை நேரில் வரவழைத்து விசாரிக்க வேண்டும்."

எதிராளி இருக்கிற தூரத்துக்குத் தக்கபடி சாமிக்குப் படிப்பணம் கட்ட வேண்டும் அல்லவா? ஓமன் எவ்வளவு தூரம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. "திருச்சி ஏர்போர்ட்டு வரைக்கும் போட்டுக்குங்க. அதுக்கு மேல அவரா வருவாரு" என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நீங்கள் கட்டியது யாரோ ஒரு அரபிக்கு வண்டி. எங்களுக்கு இல்லை.

அஸ்ஸலாமு அலைக்கும்.

யாஸ்மின்


இப்ரா
21 நவம்பர் 2025

யாஸ்மின், வ அலைக்கும் ஸலாம்.

நாலைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கொளஞ்சியக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். களிமண்ணை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. சின்ன வயதில் அந்தச் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அடி வாங்கியவன் நான். மணலுக்கு அகலம் வேண்டும், களிக்குப் பல் வேண்டும். ஒடுக்கமாக, பல் பெரிதாக இருக்கிற டயர் போட வேண்டும். டிராக்டர் டயரைப் பார், புரியும்.

வண்டியை இறக்கித் தருகிறேன். எவ்வளவு இறக்குவது என்பதற்கு அளவு வேண்டும். அம்மாவின் முழங்கால் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? காலை எதுவரை தூக்க முடிகிறது? நீ உட்கார்ந்தால் கிளட்ச் எட்டுகிறதா? சனா என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருப்பாள் என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், அது சரிதானா? எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுது. நம்பரைப் பார்த்து நான் இங்கிருந்தே சரியாகச் சொல்லிவிடுவேன்.

அஷ்ஃபாக்


விருத்தாசலம்
30 நவம்பர் 2025

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

அளவு தர மாட்டேன்.

ஆளைப் பார்க்காமல் அளவு வைக்கக் கூடாது. சட்டம் போட்டதே நீங்கள்தானாம்.

மாமியின் முழங்கால் இங்கேதான் இருக்கிறது. சனா எதுவரை இருக்கிறாள் என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் எனக்கு எட்டுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

யாஸ்மின்


இப்ரா
14 டிசம்பர் 2025

யாஸ்மின், வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தை முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அரபியில் சொல்லிக் காட்டினேன். முழுசாகச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, பாதியிலேயே கையை உயர்த்திவிட்டார். "சட்டம் உன்னுடையது. நான் என்ன செய்ய?" என்றார். பிராது விஷயத்தையும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, சீக்கிரம் போ, வேறு பெரிய இடத்தில் கேஸ் இருக்கிறது என்றார்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை காலையில் திருச்சியில் இறங்குகிறேன், இன்ஷா அல்லாஹ். படிப்பணம் சரியாகத்தான் கட்டியிருக்கிறாள் கொளஞ்சியக்கா. வழக்கம்போல் மங்கலம்பேட்டையில் ஒரு வேன் பேசி எல்லாருமாக வாருங்கள். பெட்டியில் பால்பவுடர், போர்வை, சனாவுக்குச் சாக்லேட். இரும்பு ஒன்றுமில்லை. அளவு டேப் மட்டும் சட்டைப்பையில் இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, ஏன் என்று கேட்காதே.

அஷ்ஃபாக்


விருத்தாசலம்
18 டிசம்பர் 2025

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை எடுத்துவர ஆள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுதியது காகிதத்தில்தான், சட்டம் சட்டம்தான்.

வேன் பேச மாட்டேன். ஜீப்பில் வருகிறேன். ஓட்டுவது நான். மாமியைப் பொம்மைப் பெட்டி போட்டு ஏற்றியாகிவிடும், நேற்றே மூன்று தடவை பழகிப் பார்த்தார்கள். சனா இப்போதே எந்தச் சட்டை போடுவது என்று தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறாள். கொளஞ்சியக்காவும் வருகிறாளாம், எதிராளியை அடையாளம் காட்ட.

ஏர்போர்ட் வாசலில் உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போகாது. எல்லா வண்டியையும்விட உயரமாக நிற்பது நம்முடையது.

உங்களுக்கு மட்டுமா பயம்? நான் இரண்டு நாளாகப் பட்டறையில் எதைத் தொட்டாலும் கீழே போடுகிறேன்.

யாஸ்மின்


நம் வீடு, ஜீப்பின் கண்ணாடி வைப்பருக்கு அடியில்
11 ஜனவரி 2026

யாஸ்மின், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜீப் விஷயம் கடிதத்தில்தான் என்று நீ சொல்லியிருப்பதால், நீ உள்ளே தோசை சுடும்போது நான் வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை முடிந்தது. அம்மாவின் முழங்காலை அளந்து, பழைய ஸ்பிரிங்கையே முன்னால் மாட்டி, பெட்டிச் சுமைக்காகப் பின்பக்கம் மட்டும் பாதி இறக்கி, கதவுக்குக் கீழே ஒரு படியும் வைத்துவிட்டேன். காலையில் அம்மா யாரையும் கூப்பிடாமல் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டு, "வண்டிய எடு, மங்கலம்பேட்டைக்குப் போவணும்" என்றார்கள். ஒடுக்க டயர் போட்டு நேற்று வாய்க்கால் மேட்டில் ஓட்டினேன், அன்றைக்கு நீ மாட்டிக்கொண்ட இடத்திலேயே நிறுத்தி எடுத்தேன், வழுக்கவில்லை. தேவநாதன் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். கிளட்ச் உனக்கு எட்டுகிறது. திருச்சியிலிருந்து வீடுவரை பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். நீ என்னைவிட நிதானமாக ஓட்டுகிறாய். இதை நான் காகிதத்தில்தான் சொல்வேன், வாயால் சொல்ல மாட்டேன்.

சனாவை மட்டும் இன்றைக்குத்தான் அளந்தேன். கதவோரம் நிற்கவைத்து டேப்பை எடுத்தேன். தேவைப்படவில்லை. என் சட்டைப்பை வரைக்கும் வந்துவிட்டாள், யாஸ்மின். நான் இத்தனை நாளாக இடுப்பு உயரத்துக்கு ஒரு பிள்ளையை மனசில் வைத்துக்கொண்டு அவளுக்குச் சட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூடச் சேரவில்லை என்று நீங்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லையே.

விருத்தகிரி ஷெட்டில் இன்னும் மூன்று ஜீப் வந்து நிற்கிறது. தேவநாதன் சொல்லி அனுப்பினாராம், என்னைத்தான் பார்க்க வேண்டுமாம். திரும்பிப் போகிற டிக்கெட் அடுத்த மாதம். உன்னிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

அஷ்ஃபாக்


(அதே காகிதத்தின் பின்பக்கம்)

மச்சான், வ அலைக்கும் ஸலாம்.

கொளஞ்சியக்கா நேற்று மணவாளநல்லூர் போய்ப் பிராதைத் திருப்பி எடுத்துவிட்டாள். எதிராளி வந்தார், விசாரித்தாச்சு, வண்டியைச் சரி செய்தார், இனி வழக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

ஆனால் கோயிலுக்குப் போன கையோடு புதுசாக ஒன்று கட்ட வேண்டுமாம். அதையும் அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இந்தத் தடவை பாதி அவள் சொன்னது, பாதி நானாகச் சேர்த்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாது. படிப்பணம் மட்டும் ரொம்பக் குறைவு. எதிராளி இருக்கிற இடம் ஜீப் நிற்கிற வாசல்தான் என்று சொல்லியிருக்கிறாள்.

தோசை ஆறுகிறது, உள்ளே வாங்க.

யாஸ்மின்